மேற்கே போன கடல்

"கடல் எனக்கு வலது கைப் பக்கம்தான் சார் இருந்துச்சு, நான் எத்தினி வாட்டி—"

"போட்டோவைப் பாரும்மா, இடது பக்கம் கீது, பச்சைக் கொயந்தையைக் கேட்டாக் கூட—"

"வடக்க போறப்ப கடல் எப்பிடி சார் இடது பக்கம் வரும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். வடக்க போனா வராது. தெற்க போனாத்தான் வரும். நீ தெற்க போயிருக்க."

"போகல சார்."

"போயிருக்க."

படாளத்துக்கு உள்ளே, வயல்களுக்கு நடுவில் நீட்டிப் படுத்திருந்த தனியார் ஓடுதளத்தில், தகரக் கொட்டகையின் நிழலில் இந்தச் சண்டை நடந்தது. போகல என்றவள் ஷாரோன், விமானி. போயிருக்க என்றவர் வாசுதேவன். நாலு பேர் உட்காரும் அந்தச் சின்ன விமானத்தின் சொந்தக்காரர். வெயிலில் தார் இளகும் நேரத்திலும் தோல் கோட்டு போட்டிருந்தார். நெற்றியில் கறுப்புக் கண்ணாடி ஏறி நின்றது.

ஷாரோன் கூப்பிட்டு வந்திருந்த துப்பறிவாளர் ஜோதிலட்சுமி, செங்கல்பட்டுக்காரி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய உதவியாளன் ஜெபசிங் விமானத்தின் சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து கம்மியா கீதுக்கா" என்றான்.

"அது உன் ஸ்கூட்டர் இல்ல. கைய எடு. நீ சொல்லு ஷாரோன், தெற்கே போனா என்ன?"

"எங்களுக்குக் குடுத்த அனுமதி ஒரே வழிதான் மேடம். இங்க ஏறி, திருக்கழுக்குன்றம் மலையைப் பாத்துகினே போயி, மாமல்லபுரத்துல கடலைத் தொடணும். அங்கேர்ந்து கரையோரமா வடக்க, கோவளம் வரைக்கும். அப்புறம் கொளவாய் ஏரி மேல வந்து இறங்கணும். மாமல்லபுரத்துல தெற்க மூக்கைத் திருப்பவே கூடாது. அந்தப் பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம். எங்கப்பா அங்கதான் டெக்னீஷியன். அந்த ஊருக்கு மேல பறக்கக் கூடாதுன்னு எனக்குப் பால்குடி நாள்லயே தெரியும்."

வாசுதேவன் செல்போனை நீட்டினார். யாரோ யாருக்கோ அனுப்பி, பத்துக் கை மாறி, மங்கலாகிப் போன படம். மேலே இடது ஓரத்தில் விமானத்தின் இறக்கை. அதற்குக் கீழே இடது பக்கம் முழுக்கக் கடல். வலது பக்கம் கோடு போட்ட மனைகள், சவுக்குத் தோப்பு, ஒரு குளம்.

"இது டிபார்ட்மெண்டுக்கே போயிடுச்சு மேடம். துரைன்னு ஒரு அதிகாரி மத்தியானம் வர்றாரு. தெற்க பறந்தது உண்மைன்னா இந்தப் பொண்ணு லைசென்ஸ் அவ்ளோதான். அப்பாலே ஆட்டோ கூட ஓட்ட முடியாது."

"ஆட்டோ லைசென்ஸ் வேற சார்" என்றான் ஜெபசிங்.

"பேச்சுக்குச் சொன்னேன்பா. முன் சீட்டுல இடது பக்கம் உக்காந்துகினு வந்த பயணி எவனோ எடுத்திருக்கான்."

"இடது பக்கம் பயணி உக்கார மாட்டாங்க சார்" என்றாள் ஷாரோன். "இடது சீட்டுதான் ஓட்டுறவங்க சீட்டு."

வாசுதேவன் ஒரு கணம் விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். "கார் மாதிரி வலது பக்கம் இல்லியா?"

ஜோதிலட்சுமியின் புருவம் உயர்ந்து, பிறகு இறங்கியது.

"சரி, இடது பக்கம்னே வெச்சுக்க" என்று வாசுதேவன் சுதாரித்தார். "அப்ப நீயேதான் எடுத்திருக்க. ஓட்டிகினே போட்டோவும் புடிச்சிருக்க. அது இன்னொரு குத்தம்."

ஜெபசிங் ஜோதிலட்சுமியின் காதோரம் குனிந்தான். "நம்ம கட்சிக்காரி நம்மளுக்கு வேலையே வைக்கலக்கா. தானே மாட்டிகினா."

"இறக்கைக்கு அடியில பாருங்க மேடம்" என்றார் வாசுதேவன். "டி.வி.ன்னு எழுதிகீது பாருங்க. போன மாசம் சேனல்காரங்க வந்து ஸ்டிக்கர் ஒட்டிகினு பறந்தாங்க. அன்னிக்கு ஓட்டுனது இவதான்."

ஜோதிலட்சுமி இடது இறக்கையின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பசை பிடித்து அழுக்கேறிய தடம் ஒன்று இருந்தது.

"ஸ்டிக்கர் எந்த மொழியில இருந்துச்சு?"

"தமிழ்ல மேடம்" என்றாள் ஷாரோன். "செவப்புல."

"படத்துல இருக்கறது இங்கிலீஷ். நீலம்."

"ரெண்டு மொழியிலயும் ஒட்டியிருப்பான்" என்றார் வாசுதேவன்.

ஜோதிலட்சுமி படத்தைப் பெரிதாக்கினாள். கீழ் மூலையில் யாரோ வெட்டி எறிந்தது போக, ஒரு வார்த்தையின் வால் மட்டும் மிச்சம் இருந்தது. 'னியம்.'

"ஜெபா, 'னியம்'னு முடியற வார்த்தை சொல்லு."

"தானியம்."

"வேற."

"யுரேனியம்."

வாசுதேவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதேதான் மேடம் எனக்கும் பயம். கல்பாக்கத்துல அதானே வெச்சிருக்கான். அந்த அதிகாரியும் இதைப் படிச்சுட்டுத்தான் பேஜாராயிட்டாரு."

"யுரேனியத்தை எழுதி வெச்சு யாரு சார் போட்டோ பிடிப்பாங்க? பக்கத்துல மனை மனையா கோடு போட்டிருக்கு பாருங்க. நிலம் விக்கிறவன் எழுதுற 'னியம்' ஒண்ணே ஒண்ணுதான்." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "ஈசானியம். வடகிழக்கு மூலை. வாஸ்து. ஜெபா, வண்டியை எடு. இசிஆர்ல பேனர் தேடணும்."

ஸ்கூட்டர் கொட்டகையைத் தாண்டி மண் பாதையில் இறங்கியது. பத்தடி போவதற்குள் ஜெபசிங் சிரித்தான்.

"அக்கா, ஓனரு சொன்னது கரெக்டுதான். விமானத்து ஒடம்புலயும் டி.வி.ன்னு எழுதிகீது. வரும்போது நம்ம கண்ணுல படல பாருங்க."

"எங்க பாத்து சொல்ற?"

"கண்ணாடியில."

"நிறுத்து."

நிறுத்தினான். ஜோதிலட்சுமி இறங்கித் திரும்பி நின்று, கண்ணாடி வழியாக இல்லாமல் நேராகப் பார்த்தாள். விமானத்தின் வயிற்றில், நம் நாட்டு விமானங்களுக்கெல்லாம் முன்னால் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள், நீலத்தில், பெரிதாக இருந்தன. வி, டி.

"இப்ப கண்ணாடியில பாரு."

"டி, வி" என்றான் ஜெபசிங். நேரே பார்த்தான். "வி, டி." மறுபடியும் கண்ணாடி. "டி, வி. அட, ரெண்டு எழுத்தும் கண்ணாடியில கோணலாகவே இல்லியே."

"அதுங்க ரெண்டும் இடம் வலம் ஒரே மாதிரி இருக்கற எழுத்து. பின்னால வர்ற மத்த எழுத்துங்க படத்துல விழுந்திருந்தா அப்பவே காட்டிக் குடுத்திருக்கும். நான் இடது இறக்கையைத்தான் அண்ணாந்து பாத்தேன், வலது இறக்கைக்கு அடியிலயும் இதே வி, டி.தான் இருக்கணும். படத்தை எவனோ இடம் வலமாத் திருப்பிப் போட்டிருக்கான். அதனால வலது பக்கத்துக் கடல் இடது பக்கம் வந்துடுச்சு. வடக்க போன விமானம் தெற்க போற மாதிரி ஆயிடுச்சு. வலது சீட்டுக்காரங்க எடுத்த படம் ஷாரோன் எடுத்த படமாயிடுச்சு."

"அப்ப கேஸு முடிஞ்சுது. நாஸ்தா சாப்பிடலாமா?"

"திருப்பிட்டாங்கன்னு நாம சொன்னா அதிகாரி நம்புவாரா? திருப்பாத படம் வேணும். அதை எடுத்த ஆள் வேணும். துரை வர்றதுக்குள்ள வேணும்."

ஜெபசிங் பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்பினான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, சாலையோரம் வரிசையாக நின்ற பேனர்களில் சிரிக்காத குடும்பமே இல்லை. அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், வாங்காத வீட்டின் முன்னால் நாய்கூடச் சிரித்தது. ஏழெட்டுப் பேனர் தாண்டி அவர்கள் தேடிய படம் வந்தது. அகலமாக, முழுதாக, மங்காமல். மேலே வடக்கு என்று ஓர் அம்புக்குறி. கீழே கொட்டை எழுத்தில்: ஈசானியத்தில் குளம், இல்லத்தில் வளம்.

ஜெபசிங் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "மேல வடக்கு. அப்ப வலது பக்கம் கிழக்கு. குளம் வலது பக்க மேல் மூலையில கீது. வடகிழக்கு. கரெக்டு." விரலை இடது பக்கம் கொண்டுபோனான். விரல் நின்றுவிட்டது. "அக்கா, கடல் மேற்க கீது."

"ம்."

"ஆளு கேரளாவுல பிளாட் போட்டுட்டாரு போல."

மனைகளின் வாசலில் ஒரு தகரப் பெட்டி அலுவலகம். உள்ளே குளிரூட்டி பெரிய சத்தமும் சின்னக் குளிரும் விட்டுக்கொண்டிருந்தது. திருவேங்கடம், மனை விற்பவர், வெள்ளைச் சட்டையில் எழுந்து நின்று இரண்டு கையாலும் வரவேற்றார்.

"வாங்க மேடம். தம்பிக்குத்தானே வூடு? கல்யாணம் ஆயிடுச்சா?"

"வூடு பாத்தாத்தான் பொண்ணு, பொண்ணு பாத்தாத்தான் லோனுன்னு நிக்குது நைனா" என்றான் ஜெபசிங்.

"வாஸ்து பாக்காம எங்க குடும்பத்துல செருப்பைக் கூடக் கழட்டி விட மாட்டோம்" என்றாள் ஜோதிலட்சுமி. "குளம் ஈசானியத்துலதான் இருக்கா?"

"அச்சு அசல் ஈசானியம். இந்தக் கரையில வேற எங்கனா தேடிப் பாருங்க."

"வாங்களேன், நேர்ல பாத்துடலாம்."

வெளியே உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஜோதிலட்சுமி மனைகளின் நடுவில் போய் நின்றாள்.

"கடல் எந்தப் பக்கம்?"

"இதோ, கிழக்க" என்று திருவேங்கடம் கை காட்டினார்.

"வடக்கு?"

"இப்பிடி."

"ஈசானியம் ரெண்டுக்கும் நடுவுல. அங்க ஒரு ஐஸ் கம்பெனி சுவர்தான் தெரியுது. குளம் எங்க?"

திருவேங்கடத்தின் கை பாதியில் நின்றது. எதிர்ப் பக்கம், வடமேற்கு மூலையில், ஓர் எருமை கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எருமைக்குத் தெரிஞ்சிகீது" என்றான் ஜெபசிங்.

"வாயு மூலையில குளம்னா எவன் மேடம் வாங்குவான்?" திருவேங்கடத்தின் குரல் இறங்கிவிட்டது. "நான் குளத்தையா நகர்த்துனேன்? படத்தைத்தானே திருப்புனேன். செல்போன்ல ஒரு அமுக்கு அமுக்குனா திரும்பிக்குது. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"குளத்தை ஈசானியத்துக்குத் தூக்கினப்ப கடல் மேற்கே போயிடுச்சு. அதோட ஒரு விமானம் கல்பாக்கத்துப் பக்கம் திரும்பிடுச்சு. அதை ஓட்டுற பொண்ணுக்கு இன்னிக்கு மத்தியானம் லைசென்ஸ் போகப் போகுது. உங்க பேனரை அதிகாரி பாக்க வந்தா நீங்களும் கூடப் போகணும்."

திருவேங்கடம் வியர்வையைத் துடைத்தார். "பேனரை இப்பவே இறக்கிடறேன் மேடம்."

"இறக்குங்க. முதல்ல அசல் படம். யாரு எடுத்தது?"

"அது மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"குடும்பம் பிரிஞ்சுடும்."

ஜெபசிங் அவர் தோளில் கை போட்டான். "அண்ணாத்த, நாங்க வேணும்னா எருமைய சாட்சிக்கு இட்டுகினு போறோம்."

திருவேங்கடம் முனகிக்கொண்டே செல்போனைத் திறந்தார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து பிடித்து வைத்த படம். கடல் வலது பக்கம். குளம் இடது பக்கம். இறக்கையில் வி, டி. கீழே ஒரு வரி: 'கண்ணாடி மட்டும் இல்லேன்னா அலையைத் தொட்டிருப்பேன்.'

"எங்க அக்கா போட்டது" என்றார். "அக்காவுக்குத் தெரியாம எடுத்துகினேன். அவங்க ஸ்டேட்டஸு ஊருக்கே தெரியும், மாமாவுக்கு மட்டும் தெரியாத மாதிரி மறைச்சு வெச்சிருக்காங்க."

"யாரு அக்கா?"

"தெய்வநாயகி."

"மாமா?"

திருவேங்கடம் எருமையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த பிளேனு ஓனரு."

ஜோதிலட்சுமி கையை நீட்டினாள். "அக்கா நம்பரைப் போட்டுக் குடுங்க."

எதிர்முனையில் எடுத்த குரல் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டது. கடைசியில், "அந்தப் பொண்ணு என் பேரைச் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டது.

"வாயே திறக்கல."

"சேலை மாத்திகினு வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள் தெய்வநாயகி.

அவர்கள் படாளத்துக்குத் திரும்பியபோது துரை வந்துவிட்டிருந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். ஷாரோன் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். வாசுதேவன் தோல் கோட்டுக்குள் நனைந்துகொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கிய தெய்வநாயகியைப் பார்த்ததும் அவர் எழுந்தார்.

"நீ எங்கம்மா இங்க?"

"போட்டோ எடுத்தவளைத் தேடுறாங்களாமே. வந்துட்டேன்."

ஜோதிலட்சுமி திருப்பிய படத்தையும் திருப்பாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எழுத்து, குளம், கடல் மூன்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். துரை இரண்டையும் பார்த்தார். கொட்டகை ஓரமிருந்த ஸ்கூட்டரிடம் போய், ஒரு படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

வாசுதேவன் மட்டும் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பறந்தியா?"

"நீங்க பேங்க்குக்குப் போற நேரத்துலலாம். டிக்கெட்டு வாங்கிகினுதான் ஏறுனேன். இவகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினேன். பாவம், அதைக் காப்பாத்திகினு நின்னிருக்கா."

"இன்னாம்மா, உனக்கு மேல போனா தலை சுத்துமேன்னு நான்..."

"சுத்தலங்க." தெய்வநாயகியின் குரல் மெல்ல இளகியது. "மொதல்ல வயிறு லேசா ஆயிடும், ஊஞ்சல்ல பின்னால போற மாதிரி. அப்புறம் கீழ பாத்தா நம்ம ஊரே வேற ஊராகீது. திருக்கழுக்குன்றத்துக் கோபுரம் என் செருப்புக்குக் கீழ. பக்கிங்ஹாம் கால்வாய் யாரோ ஸ்கேல் வெச்சு கிழிச்ச மாதிரி. கரையில எறா காயப் போட்டிருக்காங்க பாருங்க, அது ரோஜாப்பூ கொட்டுன மாதிரி இருந்துச்சு. கடற்கரைக் கோயிலைச் சுத்தி வளைஞ்சப்ப இறக்கையோட நெழலு கோயில் மேல ஒரு தடவை ஏறி இறங்குச்சு. அந்த நெழலுக்குள்ள நான் இருந்தேன். அதைத்தான் படம் புடிக்கப் போனேன். போனைத் தூக்கறதுக்குள்ள கோயில் தாண்டி, என் தம்பியோட பிளாட்டு வந்துடுச்சு."

"எல்லா நல்ல படத்துலயும் ஒரு பிளாட்டு வந்துடுது" என்றான் ஜெபசிங்.

ஜோதிலட்சுமி துரையிடம் திரும்பினாள். "இப்ப ஷாரோன் மேல தப்பு இல்லைதானே சார்?"

"படம் சரி" என்றார் துரை. "ஆனா புகார் பதிவாயிடுச்சு. மூட வேண்டிய முறையில மூடணும். அந்த இடத்தை நான் மேலேருந்து பாக்கணும். அனுமதி வாங்கினவர் கூட வந்து, இதுதான் இடம், இதுதான் திசைன்னு அங்கேயே உறுதி சொல்லிக் கையெழுத்து போடணும். அனுமதி யார் பேர்ல இருக்கு?"

எல்லோரும் வாசுதேவனைப் பார்த்தார்கள்.

"என் பேர்லதான். ஆனா என் சம்சாரம் வரட்டுமே சார். எடுத்தவளே அவதானே."

"அவங்களும் வரட்டும். நாலு சீட்டு இருக்கு. ஆனா கையெழுத்து உங்களோடது. இன்னிக்கு முடியலன்னா விசாரணை முடியற வரைக்கும் அவங்க லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். அது ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

ஷாரோன் தொப்பியைப் போட்டுக்கொண்டு இடது சீட்டில் ஏறினாள். துரை பின்னால் ஏறினார். தெய்வநாயகி யார் கையையும் பிடிக்காமல், சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கப்பட்டவள் மாதிரி ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். முன்னால் வலது சீட்டு காலியாக இருந்தது. கதவு திறந்தே இருந்தது.

வாசுதேவன் நின்ற இடத்திலேயே நின்றார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். பிறகு அவிழ்த்தார்.

"அக்கா" என்று கிசுகிசுத்தான் ஜெபசிங். "இந்தாளு இன்னா, பஸ்ஸை விட்ட மாதிரி நிக்கறாரு?"

"சொந்த விமானத்துல எந்தப் பக்கம் ஓட்டுறவங்க உக்காருவாங்கன்னு தெரியாத ஓனரை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

ஜெபசிங் யோசித்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது. "இவரு ஒரு வாட்டி கூட ஏறுனதே..."

"உஸ்."

விமான மூக்கில் இருந்த காற்றாடி ஒருமுறை தயங்கி, பிறகு சுழன்று பிடித்தது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. வயலில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பி வேறு வயலுக்குப் போயின. வாசுதேவன் இரண்டடி முன்னால் வந்தார். காற்று அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து தட்டிவிட்டது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை. இறக்கையின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே அவர் செருப்பின் நுனி இருந்தது.

ஷாரோன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நீண்டு கிடந்த ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்திருந்தாள். துரை மடியில் கிடந்த கோப்பின் மேல் பேனாவை வைத்தார். தெய்வநாயகி முன் சீட்டின் மேல் கையூன்றி எட்டி, திறந்த கதவு வழியாக, இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிக் கேட்டாள்:

"பயமா இருந்தா என் கையைப் புடிச்சுக்கலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க, ஏறுறீங்களா, இல்ல நீங்க கீழயே நிக்கறதுக்கு இந்தப் பொண்ணு வேலையை விடணுமா?"